எங்கள் வழிக்கு ஒரு சாவி

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பிறவிக் குணம் பாதி, பார்த்த வேலை பாதி. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், ஒரு சப் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே, ஆதாரம் எழுதுகிற ஒருவரிடம் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தேன். ஆதாரம் என்றால் எங்கள் பக்கத்தில் நிலப்பத்திரம். நான்கு எல்லையும் சரியா, பழைய பத்திரத்தில் உள்ள சர்வே எண் புதியதிலும் அப்படியே இருக்கிறதா, விற்க வந்தவர் முகத்தில் எதற்கு இந்தச் சிரிப்பு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டுக்கொண்டு பாகம் எழுத வந்தால், இதில் யார் யாரை ஏமாற்றப் போகிறார் என்றுதான் முதலில் யோசிப்பேன். பெரும்பாலும் நான் நினைத்ததுதான் நடக்கும்.

அப்பேர்ப்பட்ட நான்தான் ஏமாந்தேன். அதுவும் என் கைப்பட எழுதிக் கொடுத்து ஏமாந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஆறாது, அதனால் எழுதுகிறேன்.

கால்வாய்க்கு மேலே ஒரு மேட்டில் எங்கள் ஒன்பது வீடுகள். அதில் ஒரு வீட்டில் நானும் என் தங்கையும். அவளுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. பஸ் நிற்கிற ஜங்ஷனில் லாட்டரி விற்கிறாள். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று அவளுக்கு உண்டு. விடிந்ததும் டிக்கெட் பெட்டியை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினால், மத்தியானம் குலுக்கல் நடக்கும் வரை ஜங்ஷன் அவள் ராஜ்ஜியம். எந்த பஸ் எத்தனை நிமிஷம் பிந்தி வருகிறது, எந்த வாத்தியாருக்கும் எந்த டீச்சருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க உட்கார்ந்தே இருப்பவளுக்கு ஊரே அவளைத் தேடி வருகிற இடம் அது.

மேட்டிலிருந்து ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று, கால்வாய்ப் பக்கம் இறங்குகிற செங்குத்தான வெட்டுக்கல் படிகள். இன்னொன்று, ரப்பர் தோட்டத்தின் நடுவே போகிற மண்வழி. ஸ்கூட்டர் போவது இந்த மண்வழியில் மட்டும்தான். எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே ஆட்கள் நடந்து பதிந்த வழி. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் கிழக்கு எல்லை ‘நடைவழி’ என்றே எழுதியிருக்கிறது. அந்த வழியில் நடக்க யாரும் யாரிடமும் கேட்டதில்லை. மூச்சு விட யாரிடம் போய்க் கேட்பது?

அதைப் பஞ்சாயத்தின் ஆஸ்தி ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டால் பொதுவழி ஆகிவிடும், பிறகு எவரும் தொட முடியாது. எனக்கு இது தெரியும் என்பதால் வார்டு மெம்பரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். “அடுத்த கமிட்டியில வைக்குதேன் சேச்சி” என்பார். ஆறு ஏழு வருஷமாக அந்த அடுத்த கமிட்டி கூடவே இல்லை.

இப்படி இருக்கும்போது தோட்டத்தை முதலாளி வாங்கினார். எங்கள் பக்கத்தில் முதலாளி என்றால் ஒருவர்தான், பெயர் தேவையில்லை. பாறை உடைக்கிற கிரஷர் அவருடையது. கல்யாணம் நடத்துகிற ஆடிட்டோரியம் அவருடையது. நெஞ்சு வலித்தால் கூப்பிடுகிற ஆம்புலன்ஸும் அவர் இனாமாக விட்டதுதான். கோவில் திருவிழா ஃபிளெக்ஸிலும் சிரிப்பார், சர்ச் திருநாள் ஃபிளெக்ஸிலும் அதே சிரிப்பு. அவர் தேர்தலில் நிற்பதில்லை. நிற்கிறவர்கள் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்துதான் நிற்பார்கள். மைக்கில் ஒருவரை ஒருவர் கிழிக்கிற இரண்டு கட்சிக்காரர்களும் அவர் மகள் கல்யாணத்தில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து பாயசம் குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். எதிரெதிராக நிற்க வேண்டியவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், யார் நிலமோ போகப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

வாங்கின மூன்றாம் மாதம் மண்வழியின் வாயில் இரும்பு கேட் வந்தது. ரப்பர் ஷீட் களவு போகிறதாம், எங்கள் ஒன்பது வீட்டுக்கும் இது ஒரு காவலாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. நான் சொன்னதற்கு யாரும் காது கொடுக்கவில்லை, ஏனென்றால் கேட் திறந்தேதான் கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் முதலாளியின் மேனேஜர் மேட்டுக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு பிளம் கேக், ஒரு பாலராமபுரம் முண்டு, கேட்டுக்கு ஒரு சாவி. நீங்களே திறக்கலாம், நீங்களே பூட்டலாம், வீட்டு ஆட்கள் மாதிரி என்றார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நான் அடுக்களையில் நின்று முணுமுணுத்தேன். தங்கை அதற்குள் கேக்கைப் பிரித்துவிட்டாள்.

“யக்கா, நீ கேக்கைப் பாத்தாலும் சந்தேகப்படுவியாக்கும். தின்னு பாரு, முந்திரிப் பருப்பு நெறைய உண்டு.”

அவளுக்குச் சாவி கிடைத்ததில் உண்மையாகவே சந்தோஷம். அதை ஸ்கூட்டர் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டாள். அவள் பெயருக்கு ஒருவர் சாவி கொடுப்பது அதுதான் முதல் தடவை என்று எனக்கும் தோன்றியது.

மேனேஜர் கையில் ஒரு நோட்டு இருந்தது. சாவி வாங்கினவர்கள் அதில் ஒப்பு போட வேண்டும், கையெழுத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பக்கத்தின் மேலே மலையாளத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது. சாவி ஒன்பது வீட்டுக்காரர் வாங்கினது, கேட் சாவி, நடக்கிறதுக்கு என்கிற மாதிரி தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு வாக்கியம். படிக்கும்போதே எனக்குக் கை அரித்தது.

“நமக்கு எழுத்து வராது சேச்சி” என்றார் மேனேஜர். “சேச்சிக்க மலையாளத்தைப் பத்தி ரிஜிஸ்டர் ஆபீஸில எல்லாரும் பறயும். இதொண்ணு சரியாக்கித் தரணும்.”

இந்த இடத்தில் எங்கள் எல்லைக்காரர்களின் ஒரு பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மலையாளத்தைக் கேட்டு, ‘பாண்டி மலையாளம்’ என்று ஆபீஸ் வராந்தாவில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே பழைய பத்திரங்களை மூட்டை மூட்டையாகப் படித்து, அவர்களில் எவனுக்கும் வராத ஆதார மலையாளத்தைக் கற்றேன். இன்றைக்கும் ஒரு மலையாளி என் மலையாளத்தைப் புகழ்ந்தால் எனக்குள் ஏதோ இளகிவிடும். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வெளியில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்பச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கீழே கையொப்பமிட்டிருக்கும் வீட்டுக்காரர்களாகிய நாங்கள், மேற்படி நிலத்தின் உடைமையாளரது அனுமதியின் பேரில், அன்னாரது நிலத்தின் வழியே நடந்து செல்லும் பொருட்டு, வாயிற்கதவின் சாவி ஒன்று வீதம் பெற்றுக்கொண்டோம்.’

அனுமதியின் பேரில். இந்த இரண்டு சொல் அந்தக் கிறுக்கலில் இல்லை. நான்தான் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று ஆயிரம் தடவை என்னையே கேட்டுவிட்டேன். சம்மதப் பத்திரம், வாடகைப் பத்திரம் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் அந்தச் சொல் வரும், இல்லாவிட்டால் வாக்கியம் மொட்டையாக நிற்கும். முப்பது வருஷப் பழக்கத்தில் புத்திக்கு முன்னால் கை போய்விட்டது. மேனேஜர் வாசித்துவிட்டு, “அடிபொளி சேச்சி” என்றார். நான் ஒரு சாயா போட்டுக் கொடுத்தேன். ஒன்பது வீடும் ஒப்பு போட்டது.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கின வாரத்தில் ஒரு காலை, தங்கையிடமிருந்து போன் வந்தது. கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

“யக்கா, சாவி கேறல.”

நான் குடையோடு ஓடினேன். கேட்டில் புதுப் பூட்டு. அவள் ஸ்கூட்டரில் இருந்தபடியே உடம்பை முன்னால் சாய்த்து, பழைய சாவியைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தாள். டிக்கெட் பெட்டியின் மேல் தன் மழைக்கோட்டைப் போர்த்தியிருந்தாள், அவள் தொப்பலாக நனைந்திருந்தாள். மேனேஜருக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் ஏதோ வேலை தொடங்குகிறதாம், லாரி வருமாம், முதலாளி சொன்னதாம். “கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யணும் சேச்சி” என்று வைத்துவிட்டார்.

மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் படியில் இறங்கிப் போனார்கள். “நமக்குப் படி உண்டல்லோ” என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வந்தாலும் பயனில்லை. ஒரு வீட்டில் மகனுக்குக் கிரஷரில் வேலை. இன்னொரு வீட்டில் வரும் மாதம் கல்யாணம், ஆடிட்டோரியம் பாதி வாடகைக்குச் சொல்லியாயிற்று. ஒரு வீட்டு மருமகள் முதலாளி ஆபீஸில்தான் டைப் அடிக்கிறாள். பயம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல மனுஷன் என்றுதான் சொன்னார்கள்.

தங்கை முதல் இரண்டு நாள் முதலாளியின் ஏழு தலைமுறையையும் வாயால் வறுத்தெடுத்தாள். மூன்றாம் நாள் பேச்சை நிறுத்தினாள். முற்றத்தில் ஸ்கூட்டர் மேலேயே ஏறி உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவளுடைய இடத்தில் வேறு ஒருவர் குடை விரித்து லாட்டரி விற்கிறார் என்று பால் கொடுக்க வந்தவள் சொன்னபோது, “நல்லா விக்கட்டு” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் கிராமசபை. பஞ்சாயத்து மண்டபத்தில் மழை ஒழுகுகிறது என்று கூட்டத்தை முதலாளியின் ஆடிட்டோரியத்தில் வைத்திருந்தார்கள், இலவசமாம். நாற்காலி அவருடையது, காற்றாடி அவருடையது, சாயாவும் பழம்பொரியும் அவர் வகை. அங்கே போய் அவர் கேட்டைப் பற்றிப் பேச வேண்டும். நான் எழுந்து நின்றேன். மெம்பர் மைக்கில், “சேச்சி, அது ஒரு தனிப்பட்ட விஷயம் அல்லே, பிறகு பேசலாம்” என்றார். நான் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“எக்கா இரி. கையில அவருக்க சாயாவை வச்சிட்டு என்னத்தப் பேசுக?”

குனிந்து பார்த்தேன். கையில் உண்மையிலேயே சாயா இருந்தது. எப்போது வாங்கினேன் என்று நினைவில்லை. வெட்கமாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தேன். இருபது நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தங்கையை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியில் இறக்கி, ஆட்டோவில் ஏற்றிப் போனோம். அதிகாரி மரியாதையானவர்தான். நான் எங்கள் பத்திரத்தை எடுத்து, கிழக்கு எல்லையைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். அப்போது மேனேஜர் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

அதிகாரி என் வாக்கியத்தை உரக்க வாசித்தார். நல்ல கோவையான பாஷை, யார் எழுதியது என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“நான்தான் சார்” என்றேன்.

அனுமதி வாங்கி நடந்தவர்களுக்கு உரிமை என்று எப்படி எழுத முடியும், ஆஸ்தி ரிஜிஸ்டரிலும் இந்த வழி இல்லையே, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார் அதிகாரி. அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் அவர் நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தங்கை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஆட்டோவில் ஏறின பிறகு, “யக்கா, உனக்க மலையாளத்துக்கு ஒரு அவார்டு குடுக்கணும் கேட்டியா” என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து, மேனேஜர் கொடுத்த பதில் மனுவின் நகலைப் பிரித்தேன். கையால் எழுதினது, கீழே போட்ட ஒப்பும் அதே எழுத்து, அவரே எழுதினது. முத்து முத்தான எழுத்து. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆதார மலையாளம், ஓரிடத்தில்கூட விரல் வைக்க முடியாது. எழுத்து வராது என்று சொன்ன மனுஷன் எழுதினது! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோணல் வாக்கியம் எனக்காகவே போட்ட தூண்டில். நான் கொத்தாமல் விட மாட்டேன் என்று என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பூட்டையும் கேட்டையும்விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். “அந்த நோட்டு ஒரு தடவை நடந்து போச்சு, கேஸில சமாளிக்கலாம். ஆனா இனி அனுமதின்னு சொல்லி ஒரு கடலாசிலயும் ஒப்பு போடப்பிடாது. ரெண்டாமதும் போட்டா உங்களுக்க வழி போச்சு, அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொல்லி நாலாம் நாள், மேனேஜர் மேட்டுக்கு ஏறி வந்தார். புதுப் பூட்டுக்குப் புதுச் சாவி ஒன்பது. கூடவே அச்சடித்த ஒன்பது படிவம், நகலோடு. சாவி ஒரு வருஷத்துக்குத்தான், வருஷா வருஷம் புதுப் படிவத்தில் ஒப்பு போட வேண்டும். படிவத்தின் மேலே கொட்டை எழுத்தில் என் வாக்கியம். ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார்கள். மற்ற எட்டு வீட்டிலும் ஒப்பு வாங்கியாகிவிட்டது, எங்கள் வீடுதான் கடைசி.

தங்கையை உள்ளே கூட்டிப் போய், வக்கீல் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவள் மறக்கவில்லை.

“கேஸு முடியுதுக்கு எத்தன வருஷம் ஆவும்?”

“தெரியாது மக்கா. பத்து ஆவலாம்.”

“அப்போ அந்த உரிமையை உனக்க பீரோவுக்குள்ள பத்திரமா வச்சிக்க. எனக்கு நாளைக்கு ஜங்ஷனுக்குப் போவணும். இஞ்ச இப்பிடி இருந்தா நான் செத்துப் போவேன் யக்கா.”

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒப்பு போட்டால் வழி என்றென்றைக்கும் போய்விடும், போடாவிட்டால் அவள் போய்விடுவாள். வேறு ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

“சேச்சி ஒண்ணு வாசிச்சுப் பாக்கணும்” என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே. “தப்பு வல்லதும் உண்டுன்னா சரியாக்கித் தரணும்.”

வாசித்தேன். சர்வே எண் வந்த இடத்தில் என் கண் நின்றது. எங்கள் வழி கிடக்கிற நிலத்தின் எண் ஏழில் முடியும். எத்தனை பத்திரத்தில் அதை எழுதியிருக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். படிவத்தில் கடைசி இலக்கம் ஒன்று என்று அச்சாகியிருந்தது. அந்த எண் உள்ள நிலம் கால்வாய்க்கு அக்கரையில், பாம்பும் கைதைச் செடியும் கிடக்கிற சர்க்கார் புறம்போக்கு. முதலாளிக்கு அங்கே ஒரு பிடி மண்கூடக் கிடையாது. யாருமே நடக்காத ஒரு நிலத்தில் நடக்க, அது சொந்தமில்லாத ஒருவரிடம் நாங்கள் அனுமதி வாங்குகிறோம் என்று எழுதியிருந்தது. இந்தக் கடலாசை எந்தக் கோர்ட்டில் கொண்டு போய் வைத்தாலும் எங்கள் வழியை அது தொடாது.

மறுபடியும் வாசித்தேன். பிசகில்லாமல் மனு எழுதினவர் இதைக் கவனிக்காமலா விட்டார்? இதுவும் ஒரு தூண்டிலா? அல்லது முதலாளி ஆபீஸில் டைப் அடிக்கிற எங்கள் மேட்டு மருமகளுக்குக் கை தவறியதா? கை தவறியதா, அல்லது அவளே வேண்டுமென்று தவறவிட்டாளா? மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அதே சிரிப்பு, ஒன்றும் தெரியவில்லை. என் வலது கை பேனாவைத் தேடி மடியைத் தடவியது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

“தப்பு ஒண்ணும் இல்ல” என்றேன். “எல்லாம் சரியாக்கும்.”

நான் ஒப்பு போட்டேன், தங்கையும் போட்டாள். சாவியை வாங்கி வளையத்தில் கோத்த உடனே பெட்டியை மாட்டச் சொன்னாள். நாளைக்குப் போனால் போதாதா என்று கேட்டேன், கேட்கவில்லை. தோட்டத்துக்குள் ஸ்கூட்டர் சத்தம் போய், நின்று, கேட் கிறீச்சிட்டு, மறுபடி சத்தம் போனதை முற்றத்தில் நின்று கேட்டேன். பிறகு படிவத்தின் நகலைப் பழைய பத்திரத்துக்குள் மடித்து வைத்து பீரோவைப் பூட்டினேன்.

முப்பது வருஷத்தில் நான் பார்த்தும் திருத்தாமல் விட்ட முதல் தப்பு அது. யாரையும் கேட்காமல் எங்கள் அப்பா நடந்த வழியில், அந்த ஒரு தப்பின் தயவில்தான் என் தங்கை இப்போது தினமும் ரோட்டுக்குப் போகிறாள்.